அத்தியாயம் 3: முன்னாய்வுகளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

உளவியல் ஆய்வேடுகளில் ‘முன்னாய்வுகள்’ என்ற இரண்டாம் இயல் பெரும்பாலும் ஒரே விதமாகப் பிறக்கிறது. ஆய்வுத் தலைப்பை அப்படியே கூகுள் ஸ்காலரில் போடுகிறார்கள். முடிவுகள் ஆயிரக்கணக்கில் கொட்டுகின்றன. முதல் இரண்டு பக்கங்களில் எவற்றுக்குப் பிடிஎஃப் திறந்ததோ அவை மட்டும் ஆய்வேட்டில் இடம்பிடிக்கின்றன. வாய்மொழித் தேர்வன்று புறத்தேர்வாளர், “இந்தப் பொருளில் ஒரு பெரிய மெட்டா பகுப்பாய்வு வந்திருக்கிறதே, பார்த்தீர்களா?” என்று கேட்கும்போதுதான் விஷயம் உறைக்கிறது.

தரவுத்தளத்துக்கு உங்கள் கேள்வி புரியாது. நீங்கள் தட்டிய சொற்கள் ஒரு கட்டுரையின் தலைப்பிலோ சுருக்கத்திலோ பொருள் குறிப்பிலோ இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அதன் அடிப்படை வேலை. ஆகவே, முன்பின் தெரியாத ஓர் ஆய்வாளர் தன் சுருக்கத்தை எந்தச் சொற்களில் எழுதியிருப்பார் என்று ஊகிப்பதே தேடலின் பெரும்பகுதி. இந்த அத்தியாயத்தில் வரும் உத்திகள் எல்லாம் அந்த ஊகத்தைச் சரியாகச் செய்வதற்குத்தான்.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பின்தொடர்வோம்: மூச்சுப் பயிற்சி, கல்லூரி மாணவர்களின் தேர்வுப் பதற்றத்தைக் குறைக்கிறதா?

(தேடுசொற்களை இந்நூலில் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தேடல் பெட்டியில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

எங்கே தேடுவது?

*சைக்இன்ஃபோ.* உளவியலுக்கென்றே அமெரிக்க உளவியல் சங்கம் (ஏபிஏ) நடத்தும் தரவுத்தளம். 1927-ல் ‘சைக்கலாஜிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ என்ற அச்சு இதழாகத் தொடங்கியது. 1967-ல் கணினிக்கு மாறத் தொடங்கி, 2006-ல் அச்சு வடிவம் நின்றுபோனது. இன்று 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இதில் உள்ளன. இதற்குச் சந்தா வேண்டும். உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எப்ஸ்கோ, ப்ரோக்வெஸ்ட், ஓவிட் என்று பல தளங்கள் வழியாக இது வரும். முகப்பு வேறுவேறாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே சரக்குதான். இதில் இருப்பவை சுருக்கங்களும் விவரங்களும். முழுக் கட்டுரைகளுக்கு ‘சைக்ஆர்ட்டிகிள்ஸ்’ என்ற தனித் தரவுத்தளம் உண்டு.

*பப்மெட்.* அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தினுடையது. 1996 முதல் இயங்குகிறது, இலவசம். பதிவுகள் 3.7 கோடியைத் தாண்டிவிட்டன. மருத்துவ உளவியல், மனநலம், நரம்பியல், உடல்நல உளவியல் சார்ந்த தலைப்பு என்றால் இதைத் தவிர்க்கவே முடியாது.

*எரிக்.* அமெரிக்கக் கல்வித் துறையின் இலவசத் தரவுத்தளம். கற்றல், வகுப்பறை, தேர்வு, ஆசிரியர் மனநிலை போன்ற தலைப்புகளுக்கு உகந்தது. உளவியல் மாணவர்கள் பலர் இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நம் கேள்வியோ பாதி உளவியல், பாதி கல்வியியல்.

*ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ்.* இரண்டும் சந்தாத் தளங்கள். எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பின்தொடர்வதில் இவை கைதேர்ந்தவை.

*கூகுள் ஸ்காலர்.* 2004-ல் வந்தது. ஆய்விதழ், நூல், ஆய்வேடு எல்லாவற்றையும் வலைபோட்டு அள்ளும். பல கட்டுரைகளின் முழு உரைக்குள்ளும் தேடும். பலமும் பலவீனமும் அதுதான்: உங்கள் சொல் ஒரு கட்டுரையின் துணைநூற்பட்டியலில் மட்டும் இருந்தாலும் அந்தக் கட்டுரை வந்து நிற்கும். எத்தனை லட்சம் முடிவுகள் என்று காட்டினாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் பார்க்க முடியாது. பொருள் தலைப்பை வைத்துத் தேடும் வசதியும் கிடையாது.

*ஷோத்கங்கா.* இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சேரும் இடம். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

எதில் தொடங்குவது? சைக்இன்ஃபோ இருந்தால் அதில். இல்லையென்றால் பப்மெட், எரிக் இரண்டிலும் தேடுங்கள். இந்த இரண்டில் ஒழுங்காகச் செய்த தேடல் ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு நல்ல அடித்தளம் தரும். கூகுள் ஸ்காலரைக் கடைசியில், விட்டுப்போனதைப் பிடிக்கப் பயன்படுத்துங்கள்.

கேள்வியைக் கூறு போடுங்கள்

நம் கேள்வியில் மூன்று கருத்துகள் உள்ளன: மூச்சுப் பயிற்சி, தேர்வுப் பதற்றம், கல்லூரி மாணவர்கள். ஒரு தாளில் மூன்று பத்தி வரைந்து, தலைக்கு ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள். ‘குறைக்கிறதா’ என்பதற்குப் பத்தி வேண்டாம். விளைவு, தாக்கம், பங்கு, தொடர்பு போன்ற சொற்கள் எந்தச் சுருக்கத்திலும் இருக்கும், தேடலுக்கு உதவாது.

மூன்று பத்திகளும் தேவையா என்று ஒருமுறை யோசியுங்கள். தேர்வுப் பதற்றம் என்றாலே மாணவர்கள்தான். மூன்றாவது கருத்தைச் சேர்த்தால், ‘செவிலியர் பயிற்சி பெறுவோர்’ என்றோ ‘முதலாமாண்டு மருத்துவ வகுப்பு’ என்றோ எழுதிய நல்ல கட்டுரைகள் நழுவக்கூடும். முதலில் இரண்டு கருத்துகளோடு தேடுங்கள். சமாளிக்க முடியாத அளவுக்கு வந்தால் மூன்றாவதைச் சேர்க்கலாம்.

சொற்களைத் திரட்டுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது.

தேர்வுப் பதற்றத்துக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் வழக்கமாக எழுதுவது ‘டெஸ்ட் ஆங்சைட்டி’. இந்தியாவிலும் பிரிட்டனிலும் ‘எக்ஸாம் ஆங்சைட்டி’, ‘எக்ஸாமினேஷன் ஸ்ட்ரெஸ்’ என்று எழுதுபவர்கள் நிறைய. ‘எவாலுவேஷன் ஆங்சைட்டி’ என்பவர்களும் உண்டு. முதல் சொல்லோடு நிறுத்தினால் அமெரிக்கக் கட்டுரைகள் கிடைக்கும். நம் ஊர்க் கல்லூரிகளில் நடந்த ஆய்வுகள் கணிசமாக விட்டுப்போகும்.

மூச்சுப் பயிற்சிக்கு ‘பிரீதிங் எக்ஸர்சைஸ்’ மட்டும் போதாது. ‘ஸ்லோ பிரீதிங்’, ‘டீப் பிரீதிங்’, ‘டயாஃப்ரமேட்டிக் பிரீதிங்’ என்று எழுதுவார்கள். இந்திய ஆய்வுகளில் ‘பிராணாயாமா’ என்றோ கடைசி எழுத்து இல்லாமல் ‘பிராணாயாம்’ என்றோ இருக்கும். குறிப்பிட்ட ஒரு பயிற்சி என்றால் ‘ஆல்டர்னேட் நாஸ்ட்ரில் பிரீதிங்’, ‘நாடி சோதனா’. தளர்வுப் பயிற்சியின் ஒரு பகுதியாக மூச்சைச் சொல்லித்தந்திருந்தால் கட்டுரைத் தலைப்பில் ‘ரிலாக்சேஷன்’ மட்டுமே தெரியும்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து கிடைக்கும்? உங்கள் தலைப்புக்குக் கச்சிதமாகப் பொருந்தும் கட்டுரைகள் இரண்டு மூன்றை முதலில் கண்டுபிடியுங்கள். அவற்றின் தலைப்பு, சுருக்கம், ஆசிரியர் தந்த குறிச்சொற்கள், தரவுத்தளம் தந்த பொருள் தலைப்புகள் நான்கையும் படித்து, புதிதாகத் தென்படும் ஒவ்வொரு சொல்லையும் உரிய பத்தியில் எழுதுங்கள். அந்தக் கட்டுரைகளைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் உங்கள் தேடல் சரியா என்று சோதிக்க அவையே உரைகல்.

காலம் மாறச் சொல்லும் மாறும். அறிவுசார் குறைபாடு பற்றித் தேடும் ஒருவர் இன்றைய வழக்கான ‘இன்டெலெக்சுவல் டிசெபிலிட்டி’யை மட்டும் போட்டால் பழைய ஆய்வுகள் பெரும்பாலும் வராது. அமெரிக்கச் சட்ட வழக்கில் 2010-லும் டிஎஸ்எம்-5 கையேட்டில் 2013-லும் அந்தப் பெயர் மாறியது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் ‘மென்டல் ரிட்டார்டேஷன்’தான். ‘ஆஸ்பெர்ஜர்’ என்ற நோய்ப்பெயர் 1994-ல் டிஎஸ்எம்-4-ல் நுழைந்து 2013-ல் வெளியேறியது. பழைய சொல்லை நாம் எழுதக் கூடாது என்பது நியாயம். தேடும்போது அதையும் சேர்க்காவிட்டால் அந்தக் காலத்து ஆய்வுகள் கண்ணில் படாது.

பொருள் தலைப்பு என்ற குறுக்குவழி

ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு சொல் எழுதினால் தேடுபவர் என்ன செய்வார்? இந்தச் சிக்கலைத் தீர்க்கவே தரவுத்தளங்கள் தமக்கென ஒரு சொற்பட்டியல் வைத்திருக்கின்றன. சைக்இன்ஃபோவில் அதன் பெயர் தெசாரஸ்; முதல் பதிப்பு 1974-ல் வந்தது. பப்மெட்டில் மெஷ். எரிக்கில் டிஸ்கிரிப்டர். ஆசிரியர் ‘எக்ஸாம் ஃபியர்’ என்று எழுதினாலும், கட்டுரையின் பொருளைப் பார்த்து அதற்கு ‘டெஸ்ட் ஆங்சைட்டி’ என்ற தலைப்பை இட்டுவிடுவார்கள். அந்த ஒரு தலைப்பில் தேடினால், ஆசிரியர் எந்தச் சொல் எழுதியிருந்தாலும் கட்டுரை அகப்படும். மூன்று பட்டியல்களிலும் இந்தத் தலைப்பு இருப்பது நமக்கு வசதி. மூச்சுப் பயிற்சிக்கு மெஷ் பட்டியலில் ‘பிரீதிங் எக்ஸர்சைசஸ்’ உண்டு. யோகாவுக்குத் தனித் தலைப்பு. அதையும் சேர்க்க வேண்டும்.

பொருள் தலைப்பை மட்டும் நம்பவும் கூடாது. புதிதாக வந்த கட்டுரைகளுக்குத் தலைப்பு இடப்படாமல் இருக்கலாம். ஒரு தலைப்பு பட்டியலில் சேர்வதற்கு முன்பு வெளியான கட்டுரைகள் வேறு தலைப்பின் கீழ் கிடக்கலாம். ஆகவே பொருள் தலைப்பு, சாதாரணச் சொல் இரண்டையும் ‘ஆர்’ போட்டு இணைப்பதே அனுபவசாலிகளின் வழக்கம்.

ஆண்ட், ஆர், நாட்

விதி எளிது. ஒரே பத்திக்குள் இருக்கும் சொற்களை ‘ஆர்’ போட்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். பத்திக்கும் பத்திக்கும் நடுவில் ‘ஆண்ட்’ போடுங்கள். இவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுவது நல்லது; சில தளங்கள் சிறிய எழுத்தில் இருந்தால் கண்டுகொள்வதில்லை.

நம் தேடுவரியின் முதல் வடிவம்:

(“டெஸ்ட் ஆங்சைட்டி” ஆர் “எக்ஸாம் ஆங்சைட்டி” ஆர் “எக்ஸாமினேஷன் ஆங்சைட்டி” ஆர் “எக்ஸாம் ஸ்ட்ரெஸ்” ஆர் “எக்ஸாமினேஷன் ஸ்ட்ரெஸ்”) ஆண்ட் (பிரீதிங் ஆர் பிராணாயாம்* ஆர் யோகா ஆர் ரிலாக்சேஷன்)

இரட்டைக் குறி எதற்கு? பப்மெட்டில் அது இல்லாமல் ‘டெஸ்ட் ஆங்சைட்டி’ என்று தட்டிப் பாருங்கள். எலிகள் வந்து நிற்கும். ‘டெஸ்ட்’ ஓரிடத்திலும் ‘ஆங்சைட்டி’ வேறிடத்திலும் இருந்தாலும் போதும் என்று பப்மெட் எடுத்துக்கொள்கிறது. பதற்ற மருந்துகளை எலிகளிடம் சோதிக்கும் கட்டுரைகளில் இரண்டு சொற்களும் தாராளமாக உண்டு. இரட்டைக் குறி போட்டால் இரண்டும் அடுத்தடுத்து அதே வரிசையில் வந்தாக வேண்டும். உங்கள் சொற்களைப் பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்று பார்க்க, ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் தேடல் வரலாற்றுக்கு அருகே உள்ள ‘டீட்டெய்ல்ஸ்’ அம்பை அழுத்துங்கள். முடிவுகள் விநோதமாக இருக்கும்போதெல்லாம் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

நட்சத்திரக் குறி (*) சொல்லின் வால் எப்படி இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். ‘பிராணாயாம்*’ என்றால் இரண்டு எழுத்துக்கூட்டலும் அடங்கிவிடும். ஆனால் எங்கே வெட்டுகிறோம் என்பதில் கவனம் தேவை. நம் தேடலில் ‘எக்ஸாம்*’ என்று தனியாக வெட்டினால் ‘எக்ஸாமின்டு’, ‘எக்ஸாமினிங்’ எல்லாம் உள்ளே வரும். “இந்த ஆய்வு ஆராய்ந்தது” என்று ஆங்கிலத்தில் எழுதும் பாதிப் பேர் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். வெட்டியதும் முடிவுகள் திடீரென்று பல மடங்கு பெருகினால், வெட்டிய இடம் தவறு என்று பொருள். பப்மெட்டில் நட்சத்திரத்துக்கு முன் குறைந்தது நான்கு எழுத்துகள் இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இதற்கு நல்ல மாற்று, அருகமைத் தேடல். ‘எக்ஸாம்’ வகைச் சொல்லும் ‘ஆங்சைட்டி’யும் மூன்று சொல் இடைவெளிக்குள் இருந்தால் போதும் என்று கேட்கலாம். “ஆங்சைட்டி பிஃபோர் எக்ஸாம்ஸ்” என்று எழுதியவரும் அகப்படுவார். இதற்கான குறி தளத்துக்குத் தளம் மாறும்: எப்ஸ்கோவில் என்3, ஓவிட்டில் ஏடிஜே3, ப்ரோக்வெஸ்ட்டிலும் வெப் ஆஃப் சயன்ஸிலும் நியர்/3, ஸ்கோபஸில் டபிள்யூ/3. பப்மெட்டிலும் 2022 முதல் இந்த வசதி உண்டு. ஒரு தளத்துக்கு எழுதிய வரியை இன்னொரு தளத்தில் அப்படியே ஒட்டாதீர்கள். அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தைப் பார்த்துக் குறிகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

‘நாட்’ கை வைக்கக் கூசவேண்டிய கருவி. மேலே வந்த எலிகளை விரட்ட ‘நாட் ராட்*’ என்று போட்டால் என்ன ஆகும்? ஆங்கிலத்தில் அந்த மூன்று எழுத்தில் தொடங்கும் ‘ரேட்டிங்’, ‘ரேட்’, ‘ரேஷியோ’ எல்லாமே போய்விடும். பதற்றத்தை மதிப்பெண் இட்டு அளந்த கட்டுரைகள் கூண்டோடு காலி. பப்மெட் நான்கெழுத்து விதியால் இதைத் தடுத்தாலும் பிற தளங்களில் நடக்கும். நட்சத்திரம் இல்லாமல் போட்டாலும், மனிதர்களை ஆராய்ந்து எலிச் சோதனையை ஒரு வரியில் குறிப்பிட்ட கட்டுரை தொலையும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். இரட்டைக் குறியும் அருகமைத் தேடலும் அந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும்.

தேடலைச் சோதித்துப் பாருங்கள்

ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாக ஓட்டி, தேடல் வரலாற்றில் வரிசை எண்ணோடு சேமித்து, பிறகு இணையுங்கள். எந்தப் பத்தி முடிவுகளை ஊதுகிறது, எது இறுக்குகிறது என்று அப்போதுதான் தெரியும்.

பிறகு உரைகல் சோதனை. முன்பே எடுத்துவைத்த கட்டுரைகள் எல்லாம் இந்த முடிவுகளுக்குள் இருக்கின்றனவா? ஒன்று இல்லையென்றாலும் அதன் பதிவைத் திறந்து, எந்தப் பத்தியில் அது வழுக்கியது என்று பாருங்கள். விட்டுப்போன சொல் அங்கே இருக்கும். அல்லது, அந்தக் கட்டுரை இந்தத் தரவுத்தளத்திலேயே இல்லாமல் இருக்கும். இரண்டும் உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயங்களே.

முடிவுகள் மிக அதிகமா? பொதுவான சொல்லை எடுத்துவிடுங்கள் (‘ரிலாக்சேஷன்’ முதலில் போகட்டும்), தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடச் சொல்லுங்கள், மூன்றாவது கருத்தைச் சேருங்கள். மிகக் குறைவா? ஒரு கருத்தைக் கழற்றுங்கள், அந்தச் சொல்லின் பொதுப்பெயருக்கு மாறுங்கள், பொருள் தலைப்பைச் சேருங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால், இதுவரை யாரும் ஆராயவில்லை என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் வாய்மொழித் தேர்வில் பலரை மாட்டிவிட்டிருக்கிறது. எழுத்துப்பிழை, விட்டுப்போன இரட்டைக் குறி, தவறான தளம் மூன்றையும் பார்த்துவிட்டு, வேறு இரண்டு தரவுத்தளங்களிலும் தேடிய பிறகுதான் அப்படிச் சொல்லும் உரிமை வரும்.

வடிகட்டிகளை அளவோடு பயன்படுத்துங்கள். “கடந்த ஐந்து ஆண்டுகள்” என்ற வடிகட்டியைக் காரணமின்றிப் போடுவது பரவலான பழக்கம். தேர்வுப் பதற்றத்தில் 1988-ல் ஹெம்ப்ரீ 562 ஆய்வுகளைத் தொகுத்த மெட்டா பகுப்பாய்வு இன்றும் தொடக்கப் புள்ளி. அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளின் 238 ஆய்வுகளைத் தொகுத்த மெட்டா பகுப்பாய்வு 2018-ல் வந்தது. ஐந்தாண்டு வடிகட்டி இரண்டையும் மறைத்துவிடும். பப்மெட்டின் ‘ஹ்யூமன்ஸ்’ வடிகட்டியும் பொருள் தலைப்பை நம்பியே வேலை செய்வதால், தலைப்பு இடப்படாத புதுக் கட்டுரைகளை ஒதுக்கிவிடும்.

உண்மையில் உதவும் வடிகட்டிகள் சைக்இன்ஃபோவில் இருக்கின்றன. ஆய்வு முறை என்ற புலத்தில் மெட்டா பகுப்பாய்வு, நெடுங்கால ஆய்வு, பண்புசார் ஆய்வு என்று தேர்ந்தெடுக்கலாம். வயதுப் பிரிவைக் குறிக்கலாம். ‘டெஸ்ட்ஸ் அண்ட் மெஷர்ஸ்’ என்ற புலத்தில், எந்த அளவுகோலைப் பயன்படுத்தினார்கள் என்று தேடலாம். ஸ்பீல்பெர்கரின் 1980-ஆம் ஆண்டுத் தேர்வுப் பதற்ற அளவுகோலை வைத்து ஆய்வு செய்தவர்களை மட்டும் எடுக்க வேண்டுமானால் இதுவே வழி.

அளவுகோல் தேடுவோருக்கு இன்னொரு குறிப்பு. தமிழில் மொழிபெயர்த்துத் தரம் சோதித்த வடிவம் இருக்கிறதா என்று பார்க்காமல் நீங்களாக மொழிபெயர்க்க உட்காராதீர்கள். அளவுகோலின் பெயர் ஆண்ட் தமிழ் ஆண்ட் (வேலிடேஷன் ஆர் சைக்கோமெட்ரிக் ஆர் டிரான்ஸ்லேஷன்) என்ற வரியைப் பப்மெட்டிலும் கூகுள் ஸ்காலரிலும் போடுங்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் செய்த தரச் சோதனைகள் இருந்தால் இப்படித்தான் வெளிப்படும். ஷோத்கங்காவில் ஆய்வேடுகளின் பின்னிணைப்புகளையும் புரட்டுங்கள். முழு வினாப்பட்டியலும் அங்கே கிடைப்பதுண்டு. பயன்படுத்த உரியவரிடம் அனுமதி பெறுவது தனி வேலை.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு

நல்ல கட்டுரை ஒன்று கையில் கிடைத்தால் அங்கிருந்து இரு திசையிலும் நடக்கலாம். பின்னோக்கி: அதன் துணைநூற்பட்டியல். முன்னோக்கி: அதை மேற்கோள் காட்டிய பிந்தைய கட்டுரைகள். ஒவ்வொரு முடிவின் கீழும் கூகுள் ஸ்காலர் காட்டும் ‘சைட்டட் பை’ இணைப்பை அழுத்துங்கள். மேலே ‘சர்ச் வித்தின் சைட்டிங் ஆர்ட்டிகிள்ஸ்’ என்ற கட்டத்தை டிக் செய்து, ‘பிரீதிங்’ என்று தட்டுங்கள். 2018 மெட்டா பகுப்பாய்வை மேற்கோள் காட்டியவற்றில் மூச்சைப் பற்றிப் பேசுபவை மட்டும் வடிந்து வரும். இரட்டைக் குறி, நட்சத்திரம் எதுவும் இல்லாமல் சிறந்த கட்டுரைகளைத் தருவது இந்த வழி.

முன்னோக்கி நடப்பது வெறும் எண்ணிக்கைக்காக அல்ல. தன்னடக்கம் ஒரு சேமிப்புபோலத் தீர்ந்துபோகும் என்ற ‘ஈகோ டிப்ளீஷன்’ கருத்தைப் பாருங்கள். பாமைஸ்டரும் அவர் குழுவினரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. 2010-ல் வந்த மெட்டா பகுப்பாய்வும் விளைவு திடமானது என்றது. 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் மறுசோதனை செய்தபோது விளைவு பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. 2010-ஓடு தேடலை முடித்துக்கொண்டவர் நம்பிக்கையோடு தவறாக எழுதுவார். உளவியலில் இது தனிக் கதையும் இல்லை: 2015-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கூட்டு முயற்சி ஒன்று 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்ததில், மறுசோதனைகளில் 36 விழுக்காடு மட்டுமே புள்ளியியல் முக்கியத்துவம் எட்டின. ஆகவே உங்கள் ஆய்வின் முதுகெலும்பான கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ‘ரெப்ளிகேஷன்’ என்ற சொல்லைச் சேர்த்து ஒருமுறை தேடிவிடுங்கள்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளும் உண்டு. தரவைப் புனைந்த நெதர்லாந்து சமூக உளவியலாளர் டிடெரிக் ஸ்டாப்பலின் 58 கட்டுரைகள் அப்படித் திரும்பப் பெறப்பட்டன. பப்மெட் அத்தகைய பதிவின் தலையிலேயே எச்சரிக்கை போடும். பழைய பிடிஎஃப் ஒன்றை நண்பரிடமிருந்து வாங்கினால் அந்த எச்சரிக்கை அதில் இருக்காது. ‘ரிட்ராக்ஷன் வாட்ச்’ தரவுத்தளம் 2023 முதல் கிராஸ்ரெஃப் வழியாக எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

வெளிவந்த கட்டுரைகளில் வெற்றிகளே அதிகம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பயன் தராத பயிற்சி பெரும்பாலும் இதழ் ஏறுவதில்லை. அதை ஈடுகட்ட ஷோத்கங்கா ஆய்வேடுகள், ‘சைஆர்க்கைவ்’ முன்வரைவுகள், 2007 முதல் இயங்கும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு (சிடிஆர்ஐ) ஆகியவற்றையும் பாருங்கள். சிடிஆர்ஐயில் பதிவாகி, முடிவு எங்கும் வெளிவராத பிராணாயாமச் சோதனை ஒன்று கண்ணில் பட்டால் அதுவும் ஒரு செய்தியே. முன்வரைவுகள் சக ஆய்வாளர் மதிப்பீட்டைத் தாண்டாதவை. மேற்கோள் காட்டும்போது அதைக் குறிப்பிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் மாற்றுச் சொற்கள் கேட்கலாம். அதில் அவை கெட்டிக்காரர்கள். கட்டுரைப் பட்டியல் கேட்டால், இல்லாத கட்டுரையை இருக்கும் ஆசிரியர் பெயரோடு தரவும் கூடும். டிஓஐ எண்ணைச் சொடுக்கி அதே தலைப்பு திறக்காத எதையும் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.

முழுக் கட்டுரைக்கு

சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டாதீர்கள். மாதிரி அளவு, ஒப்பீட்டுக் குழு, விடுபட்டவர்கள் பற்றிய விவரம் உள்ளேதான் இருக்கும்.

இந்தியாவில் அரசு உயர்கல்வி நிறுவனத்தில் படிப்பவர்களுக்கு 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் இருக்கிறது. எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, சேஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் உட்பட 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அதில் அடக்கம். உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா, வீட்டிலிருந்து நுழைய வழி என்ன என்று நூலகரிடம் கேளுங்கள். மற்றவர்களுக்கு: பப்மெட் சென்ட்ரலில் முழுக் கட்டுரை இலவசம். ‘அன்பேவால்’ என்ற பிரவுசர் இணைப்பு, சட்டப்படி திறந்த பிரதி எங்காவது இருந்தால் காட்டிவிடும். கூகுள் ஸ்காலரில் ‘ஆல் வெர்ஷன்ஸ்’ அழுத்திப் பார்க்கலாம். எதுவும் நடக்காவிட்டால் கட்டுரை ஆசிரியருக்கு நான்கு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். தம் கட்டுரையைப் படிக்க ஆள் இருக்கிறது என்றால் மகிழ்ந்து அனுப்புபவர்கள் உண்டு.

எழுதி வையுங்கள்

ஒவ்வொரு தேடலுக்கும் ஆறு விவரங்கள் கொண்ட ஒரு வரி எழுதுங்கள்: தரவுத்தளம், அது வந்த தளம், தேதி, தட்டிய வரி எழுத்து மாறாமல், வடிகட்டிகள், கிடைத்த எண்ணிக்கை. முறைசார் மீளாய்வு செய்பவர்களுக்கு இது கட்டாயம். பிரிஸ்மா 2020 நெறிமுறை கேட்கும் ஓட்டப்படத்தை இந்தக் குறிப்பு இல்லாமல் வரைய முடியாது. சாதாரண ஆய்வேட்டுக்கும் இது காப்பு. ஓராண்டு கழித்து “எப்படித் தேடினீர்கள்?” என்று கேட்டால் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.

கட்டுரைகளைச் சேமிக்க ஸோட்டெரோ போதும், இலவசம். ஒரே கட்டுரை மூன்று தளங்களிலிருந்து வந்திருந்தால் இரட்டிப்பைக் கண்டுபிடிக்கும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் சிவப்பில் எச்சரிக்கும். பப்மெட்டில் கணக்கு தொடங்கித் தேடுவரியைச் சேமித்தால், புதிதாக வருபவை மின்னஞ்சலுக்கே வந்துவிடும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வரை அதை நிறுத்தாதீர்கள்.

பயிற்சி

1. உங்கள் ஆய்வுக் கேள்வியை இரண்டு அல்லது மூன்று கருத்துகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து சொற்கள் எழுதுங்கள். அவற்றில் ஒன்று பழைய வழக்காகவும் ஒன்று இந்திய வழக்காகவும் இருக்கட்டும்.

2. பப்மெட்டில் ‘டெஸ்ட் ஆங்சைட்டி’யை இரட்டைக் குறியோடும் இல்லாமலும் தேடுங்கள். இரண்டு எண்ணிக்கைகளையும் குறித்து, குறி இல்லாத தேடலின் முதல் இருபது முடிவுகளில் மாணவர்களைப் பற்றியவை எத்தனை என்று எண்ணுங்கள்.

3. உங்கள் தேடுவரியை எரிக்குக்கு மாற்றி எழுதுங்கள். பப்மெட்டில் வராமல் எரிக்கில் மட்டும் வந்த மூன்று கட்டுரைகளைக் காட்டி, அவை ஏன் பப்மெட்டில் வரவில்லை என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணம் எழுதுங்கள்.

4. உங்கள் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை ஒன்றை எடுத்து, அதன் மறுசோதனை நடந்ததா, முடிவு என்ன என்று தேடுங்கள். கிடைத்ததையும் தேடிய வழியையும் ஒரே பக்கத்தில் எழுதி, அடுத்த சந்திப்பில் உங்கள் நெறியாளரிடம் கொடுங்கள்.